முற்றதிகாரம் எப்பக்கத்தது?

ஹிட்லர் இடதுசாரியா, வலதுசாரியா என்னும் வினாவை மாணவர் சொற்போர் மன்றத்தில் எழுப்பிவிட்டு வாளா அமர்ந்திருப்போமாயின், சிறிது நேரத்தில் மன்றம் இரண்டுபட்டு நிற்கக் காண்போம். அவன் கட்சியின் பெயரிலேயே 'சோஷலிஸ்ட்' என்னும் சொல் இருந்ததே என்பர் ஒரு சாரார். பெயரில் என்ன இருக்கிறது, அவன் முதன்முதல் சிறையிலிட்டது சோஷலிஸ்டுகளையும் பொதுவுடைமையினரையும் அல்லவா என்பர் மற்றொரு சாரார். ஸ்டாலினைப் பற்றிப் பேச்செழுந்தாலோ, இதே வழக்கு முகம் மாறி நடைபெறும். இப்போது இடதுசாரியார் எழுந்து, அவன் எங்களவன் அல்லன், உண்மையில் அவன் வலதுசாரியே என்பர். யாம் கூர்ந்து நோக்கிய அளவில், இவ்வாறு வழக்காடுவோர் பலர் வரலாற்றை அறியும் வேட்கையுடையோராகத் தோன்றவில்லை. தம் வீட்டிற் பிறந்த பிள்ளையை இரவோடிரவாக அயலார் திண்ணையிற் கிடத்திவிட்டு வர விரும்புவோராகவே தோன்றுகின்றனர்.

இடம், வலம் என்னும் சொற்கள் அரசியலிற் புகுந்த வரலாறு பலரும் அறிந்ததேயாயினும், ஈண்டுச் சுருங்க நினைவுகூர்தல் வேண்டும். 1789-ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில், பிரான்ஸ் தேசத்து வெர்ஸேல்ஸ் நகரிற் கூடிய தேசிய சபை, தான் இயற்றும் சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் அரசனுக்கு இருக்கலாமா என ஆராய்ந்தது. இருக்கலாம் என்றோர் தலைவர் ஆசனத்துக்கு வலப்புறமாகவும், கூடாது என்றோர் இடப்புறமாகவும் திரண்டமர்ந்தனர். முதலில் இருக்கைகளைச் சுட்டிய சொற்கள் நாளடைவில் கொள்கைகளைச் சுட்டலாயின. பழைய வரிசையும் உடைமையும் மேலோர் கீழோர் என்னும் பாகுபாடும் நிலைபெற வேண்டும் என்போர் வலம்; அவற்றைக் களைந்து மாந்தரை நிகராக்க வேண்டும் என்போர் இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பா இவ்வளவுகோலையே கையாண்டது.

அன்று இடப்புறம் அமர்ந்தோருள் ரோபெஸ்பியர் என்பவரும் ஒருவர். மரணதண்டனையையே ஒழித்துவிட வேண்டுமென 1791 மே மாதத்தில் அச்சபையில் வாதாடியவர் அவர். மூன்றாண்டு கழிந்து, 1794 ஜூன் மாதத்தில், அவர் கட்சியார் இயற்றிய சட்டமொன்று, புரட்சிக்குப் பகைவர் எனக் குற்றஞ்சாட்டப் பெற்றோர்க்கு வழக்கறிஞர் துணையையும் மறுத்தது. விடுதலை, மரணம் என்னும் இரண்டே தீர்ப்புகளை நீதிமன்றத்துக்கு விட்டுவைத்தது. ரோபெஸ்பியர் பக்கம் மாறினாரல்லர். ஆசனம் இடப்புறத்திலேயே இருக்க, அதிகாரத்தின் எல்லைதான் பெயர்ந்துவிட்டது. இச்செய்தியை மாணவர் மனத்தில் இருத்திக்கொள்க, பின்னர் உதவும்.

இனி, முற்றதிகாரம் என யாம் ஈண்டு வழங்கும் சொல்லுக்கு வருவோம். இதன் மூலச்சொல் இத்தாலியிற் பிறந்தது. 1923-ஆம் ஆண்டில் ஜொவான்னி அமெந்தோலா என்னும் அரசியலாளர், பாஸிஸ்டுகளின் ஆட்சிமுறையைக் கண்டித்துப் பத்திரிகையில் எழுதுங்கால் 'தொத்தாலித்தாரியோ' என்னும் அடைமொழியைக் கையாண்டார். எதிர்க்கட்சிக்கு இம்மியளவும் இடம் விடாது எல்லாவற்றையும் தானே கைக்கொள்ளும் முறை என்பது கருத்து. வசையாக எழுந்த அச்சொல்லை 1925 ஜூன் மாதத்தில் முஸோலினி தன் கட்சி மாநாட்டிற் பெருமையாக எடுத்தணிந்துகொண்டான். அடுத்த மாதம் பாஸிஸ்டுக் குண்டர் அமெந்தோலாவை வழிமறித்துத் தடிகளால் தாக்கினர். அவர் மீண்டும் நலம்பெறாமல் 1926 ஏப்ரலில் பிரான்ஸ் தேசத்தில் உயிர்நீத்தார்.

கொடுங்கோன்மை உலகுக்குப் புதிதன்று. வள்ளுவர் அதற்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். ஆயினும் பழைய கொடுங்கோலன் வேண்டியது குடிகளின் பொருளும் பணிவுமே. அவன் படைகள் ஊரைக் கடந்து சென்றபின், குடியானவன் தன் வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தன் கடவுளைத் தொழலாம். தன் மனைவியிடம் அரசனை ஏசலாம். இருபதாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் பிராங்கோவும் போர்ச்சுகலில் ஸலஸாரும் நடத்திய சர்வாதிகாரங்கூடப் பெரும்பாலும் வாய்மூடி இருப்போரை அவ்வாறே விட்டுவைத்தன. முற்றதிகாரம் அமைதியாக இருப்போனையும் விடுவதில்லை. அவன் ஊர்வலத்தில் நடக்க வேண்டும்; கைதட்ட வேண்டும்; அவன் மகவு கட்சியின் சிறுவர் படையிற் சேர வேண்டும்; தொழிற்சங்கமும் திருச்சபையும் சதுரங்கக் கழகமும் கட்சியின் கிளைகளாக வேண்டும். பணிவு போதாது, உள்ளமே வேண்டும் என்பதே அதன் புதுமை.

அப்படியாயின், பாஸிஸம் எப்பக்கத்திலிருந்து வந்தது? முஸோலினி இளமையிற் சோஷலிஸ்டு என்பது மெய்யே. 1912 முதல் 1914 வரை அக்கட்சியின் 'அவந்தி' பத்திரிகைக்கு அவனே ஆசிரியன். முதல் உலகப்போரில் இத்தாலி புகவேண்டுமென வாதித்ததனால் கட்சி அவனை விலக்கியது. 1919-இல் மிலான் நகரில் தன் இயக்கத்தைத் தொடங்கியபோதும், எட்டுமணி வேலை, பெண்டிர்க்கு வாக்குரிமை, பெருஞ்செல்வர்மீது கடும்வரி என்பனவற்றை அதன் திட்டத்தில் சேர்த்தான். அவ்வாண்டுத் தேர்தலில் ஒருவரும் வெற்றி பெற்றிலர். பின்னர் வளர்ந்தது எவ்வாறு? போ ஆற்றுச் சமவெளியில் நிலக்கிழார் பொருளுதவ, கருஞ்சட்டைப் படையினர் உழவர் சங்கங்களையும் தொழிலாளர் மனைகளையும் எரித்ததனாலே வளர்ந்தது. 1921-இல் பாஸிஸ்டுகள் முப்பத்தைவர் பாராளுமன்றம் புகுந்தபோது, முஸோலினி தேடிச் சென்றமர்ந்தது வலக்கோடி இருக்கை. தன் முதற்பேச்சிலேயே அதனைப் பெருமையாகக் கூறிக்கொண்டான். 1922 அக்டோபரில் அவனுக்கு அமைச்சுப் பதவியை அழைத்தளித்தவர் அரசர். 1926-இல் வேலைநிறுத்தம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1932-இல் இத்தாலியக் கலைக்களஞ்சியத்தில் தன் கோட்பாட்டை விளக்குங்கால், இந்நூற்றாண்டு வலத்தின் நூற்றாண்டாகும் என்று அவனே எழுதுவித்தான். தன் இருக்கை எதுவென்பதில் அவனுக்கு ஐயமில்லை, ஐயம் நம்மவர்க்கே.

ஜெர்மனியின் வரலாறும் இதனை ஒத்ததே. ஆயின் அங்கே பெயர் மயக்கம் மிகுதி. 1920 பிப்ரவரியில் மியூனிக் நகரில் வெளியிட்ட இருபத்தைந்து அம்சத் திட்டத்தில், பொதுநன்மைக்காக நிலத்தை ஈடின்றிக் கைப்பற்றலாம் என்று ஓர் அம்சம் இருந்தது. பெயரை நம்புவோர் இதனைக் காட்டுவர். ஆனால் 1928 ஏப்ரலில் ஹிட்லர் இவ்வம்சத்துக்கு உரையெழுதி, கட்சி தனியுடைமையை ஏற்கிறது, இவ்விதி முதன்மையாக யூதர்தம் நில வாணிகத்தையே குறிக்கும் என்று வரையறுத்தான். அதற்கு முன்பே, 1926 பிப்ரவரியில் பாம்பெர்க் நகரிற் கூட்டிய கூட்டத்தில், பழைய சிற்றரசர்தம் சொத்துகளைப் பறிமுதல் செய்யவேண்டும் என்ற தன் கட்சியின் வடபுலத்தாரை அடக்கி, சிற்றரசர் பக்கம் நின்றான். அவ்வடபுலத்தார்க்குத் தலைவராயிருந்த கிரேகோர் ஸ்டிராஸர் 1934 ஜூன் 30-இல் சுட்டுக்கொல்லப்பட்டார். 1933 பிப்ரவரி 20-இல் கோயரிங் மாளிகையில் பெருந்தொழிலதிபர் இருபதின்மர்க்கு மேற்பட்டோர் ஹிட்லரின் உரையைக் கேட்டுத் தேர்தல் நிதிக்கு மூன்று மில்லியன் மார்க்கு உறுதிகூறினர். மே 2-இல் தொழிற்சங்க மாளிகைகளை நாஜிப் படையினர் கைப்பற்றினர். இவ்விரு நாட்களையும் அடுத்தடுத்து வைத்துக் காண்போர்க்குக் கட்சிப் பெயர் பெரிதாகத் தோன்றாது.

எல்லாவற்றினும் தெளிவான சான்று 1933 மார்ச்சு 23-ஆம் நாள் நிகழ்ச்சியே. பாராளுமன்றக் கட்டடம் தீக்கிரையானமையால், பெர்லினில் ஓர் இசைநாடக அரங்கிற் சபை கூடிற்று. சுவரோரமாகப் பழுப்புச் சட்டைப் படையினர் நிரை நிரையாக நின்றனர். சட்டமியற்றும் உரிமையை ஹிட்லரின் அமைச்சவைக்கே ஒப்படைக்கும் மசோதா வாக்குக்கு வந்தது. அச்சபையை இடமிருந்து வலமாக நோக்குக. இடக்கோடியில் அமரவேண்டிய பொதுவுடைமையினர் 81 பேரில் ஒருவரும் இல்லை. சிறையிலோ ஒளிவிடத்திலோ இருந்தனர். அடுத்திருந்த சமூக ஜனநாயகக் கட்சியினர் 120 பேரில் வர இயன்றவர் 94 பேர். அவர்கள் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து மறுப்புரைக்க, தொண்ணூற்று நால்வரும் 'கூடாது' என்றே வாக்களித்தனர். நடுவிலிருந்து வலக்கோடிவரை அமர்ந்திருந்தோர் அனைவரும் 'ஆம்' என்றனர்; அவர் 444 பேர். வலக்கோடியில் நாஜிகள் இருந்தனர். ஹிட்லரை இடதுசாரியென வாதிக்கப் புகுவோர், இவ்வாக்குப் பட்டியலை முதலில் நேர்நின்று படித்தல் வேண்டும்.

அரசு தொழில்களை அடக்கியாண்டதே, அஃது இடதுசாரி இலக்கணம் அன்றோ எனின், அன்று. உடைமை முதலாளியிடமே இருந்தது. கூலியை உயர்த்தக் கேட்கும் வாய்தான் கட்டப்பட்டது. அரசின் கை பொருளாதாரத்தில் நீள்வது இடதுசாரிக்கே உரியதென்பதும் பிழை. பிரஷ்யாவின் இருப்புப்பாதைகளை அரசுடைமையாக்கி, 1883-இல் தொழிலாளர்க்கு நோய்க்கால உதவிக் காப்பீடும் ஏற்படுத்தியவர் பிஸ்மார்க். சோஷலிஸ்டுக் கழகங்களையும் பத்திரிகைகளையும் 1878-இல் தடைசெய்தவரும் அவரே. அவரை இடதுசாரி என்பார் யாருமில்லை.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் எம் நண்பருட் சிலர் மகிழ்வர். நிறுத்துதற்கு இல்லை, ருஷ்யா எஞ்சியுள்ளது.

1917-இல் ருஷ்யாவில் ஆட்சியைக் கைப்பற்றிய போல்ஷெவிக்குகள் இடதுசாரி மரபில் வந்தோர் என்பதை மறைக்க எவராலும் இயலாது. அவர் ஓதியது மார்க்ஸின் நூல். வேண்டியது வகுப்பற்ற சமுதாயம். பறித்தது நிலக்கிழாரின் நிலமும் வங்கியும் ஆலையும். அவரை எதிர்த்துப் போரிட்டோர் பழைய மன்னராட்சியின் தளபதிகள். ஆயினும் அவர் தாமே நடத்திய பொதுத்தேர்தலிற் பெரும்பான்மை பெறாமையால், 1918 ஜனவரியில் அரசமைப்புச் சபையை ஒருநாட் கூட்டத்தோடு கலைத்தனர். 1921 மார்ச்சில் கிரோன்ஸ்டாட் மாலுமிகளைச் சுட்டடக்கினர். அதே மாதத்திற் கட்சிக்குள்ளேயே உட்பிரிவுகள் கூடாவென விதித்தனர். இவற்றையெல்லாம் செய்தகாலை ஆட்சி நடத்தியவர் லெனின்; ஸ்டாலின் அல்லன். அதன்பின் ஸ்டாலின் காலத்தில் வந்தவற்றை விரித்தெழுத எம் பேனா நாணுகின்றது. உழவர் நிலங்களை வலிந்து கூட்டுப்பண்ணையாக்கியதனாலும் தானியத்தைப் பறித்ததனாலும் 1932, 1933 ஆண்டுகளில் உக்ரேனிலும் கஸாக்ஸ்தானிலும் பிறவிடங்களிலும் பல மில்லியன் மக்கள் பட்டினியால் மாண்டனர். 1937, 1938 ஆகிய ஈராண்டுகளில் மட்டும், அரசியற் காவற்படையின் சொந்தக் கணக்கின்படியே, 681,692 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர்.

ஸ்டாலின் கூலியைச் சமப்படுத்துவதை 1931-இல் இகழ்ந்தான், உள்நாட்டுப் பயணச்சீட்டு முறையை 1932-இல் மீண்டும் கொணர்ந்தான், 1940-இல் தொழிலாளரை ஆலையோடு சட்டத்தாற் பிணித்தான். ஆதலின் அவன் இடதுசாரியே அல்லன் என்பர். இவை யாவும் மெய். இக்கொள்கையால் வந்த அரசு எங்ஙனம் தன் கொள்கையையே தின்றது என்பதற்கு இவை சான்றாகும். அவ்வரசு வேறெங்கோ பிறந்தது என்பதற்குச் சான்றாகா. ரோஸா லுக்ஸம்பர்க் அம்மையார் இதனை நன்கறிந்திருந்தார். புரட்சியாளராகிய அவர், 1918-இல் ஜெர்மன் சிறையிலிருந்தபடியே, பத்திரிகைச் சுதந்திரமும் பொதுத்தேர்தலும் ஒழிந்தால் நாட்டின் பொதுவாழ்வு உயிரிழந்து, ஒரு சிலர் ஆட்சியாகவே முடியும் என்று லெனினின் கட்சியை எச்சரித்து எழுதினார். 1919 ஜனவரியில் வலதுசாரிப் படையினர் அவரைக் கொன்றனர். அவர் எழுதியது 1922-இல் வெளிவந்தது. இடதுசாரிகளின் குற்றத்தை இடதுசாரியாகவே நின்று ஏற்றுரைப்பது எவ்வாறு என அறிய விரும்புவோர் அவரைப் பார்க்க.

இரு கோடிகளும் இங்ஙனம் ஒரே பண்பு காட்டுவதைக் கண்டு, அரசியற் கோடு நேர்கோடன்று, குதிரை லாடம் போல் வளைந்து இரு முனைகளும் நெருங்கி நிற்பது என்று உரைத்தோர் உண்டு. பிரெஞ்சு அறிஞர் ழான் பியர் பாய் 1972-இல் வெளியிட்ட நூலால் இவ்வுவமை பரவிற்று. வகுப்பறைக்கு இஃது இனிய உவமையே. யாமும் முன்பு இதனைக் கரும்பலகையில் வரைந்ததுண்டு. இப்போது வரைவதில்லை. ஏனெனில், இடப்புறமாகப் போதிய தொலைவு நடந்தவன் எவனும் முற்றதிகாரத்தையே சென்றடைவான் என அது கற்பிக்கின்றது. குரோபொத்கினை அது எங்கே இருத்தும்? உடைமைச் சமத்துவத்தில் லெனினுக்கு அவர் சிறிதும் பின்வாங்கியவரல்லர். அரசென்பதே கூடாது என்றவர். 1921 பிப்ரவரியில் மாஸ்கோவில் அவருடலை அடக்கஞ்செய்தபோது, அவர்தம் கொள்கையினராகிய கைதிகள் சிலர் ஒருநாள் உறுதிமொழியின்மேல் விடுவிக்கப் பெற்று, பாடையின் பின்சென்று, மாலையில் மீண்டும் சிறை புகுந்தனர். லாடத்தின் முனை ஒன்றாயின், சிறையிட்டவனும் சிறைப்பட்டவனும் அதே முனையில் நின்றனர் என்றல்லவோ ஆகும்!

வேறொரு வழியிலும் பிழை நேர்வதுண்டு. அரசு திட்டமிட்டுத் தொழில் நடத்தத் தொடங்கினால் முடிவு அடிமைத்தனமே என 1944-இல் ஹாயெக் எழுதினார். தம் நூலை எல்லாக் கட்சிகளிலுமுள்ள சோஷலிஸ்டுகளுக்குக் காணிக்கையாக்கினார். எச்சரிக்கை என்னும் அளவில் அது மதிக்கத்தக்கது. ஆயின் அடுத்த ஆண்டே பிரிட்டனில் ஆட்சியேற்ற அட்லியின் தொழிற்கட்சி, நிலக்கரிச் சுரங்கங்களையும் இருப்புப்பாதைகளையும் அரசுடைமையாக்கியது. 1951-இல் தேர்தலில் தோற்றது. தோற்றபின் சாவிகளை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு எதிர்வரிசையிற் போய் அமர்ந்தது.

எமக்கு உடன்பாடான விடையை இத்தாலியப் பேராசிரியர் நொர்பெர்த்தோ பொப்பியோ 1994-இல் எழுதிய சிறுநூலிற் காண்கிறோம். இடம் வலம் என்னும் கோடு சமத்துவத்தைப் பற்றிய வினாவுக்கு விடை. முற்றதிகாரமோ விடுதலையைப் பற்றிய வேறொரு வினாவுக்கு விடை. ஒன்றை அளக்கும் கோலால் மற்றொன்றை அளத்தல், பாலை முழக்கோலால் அளப்பது போலாம். ஆகவே நாஜியம் வலத்தினது, ஸ்டாலினியம் இடத்தினது. இவை பிறப்பையும் குறிக்கோளையும் பற்றிய செய்திகள். முற்றதிகாரம் என்பதோ அவ்விரண்டிற்கும் பொதுவாய், அக்கோட்டிற்கே குறுக்கே ஓடுவது. இரு மரபிலும் அதற்கு இடங்கொடுத்தோரும் உளர், கொடாதோரும் உளர். பொப்பியோ இதனைப் புத்தகத்திலிருந்து மட்டும் கற்றவரல்லர். 1935-இல் பாஸிஸ்டு அரசு அவரைத் தூரின் நகரிற் கைதுசெய்தது. அவரோ தம் வேலையைக் காத்துக்கொள்ள முஸோலினிக்குப் பணிந்து ஒரு கடிதம் எழுதினார். 1992-இல் அக்கடிதம் வெளிப்பட்டபோது, எண்பது வயது கடந்த அவர் அதனை மறுக்கவில்லை, வெட்கப்படுகிறேன் என்றார். எம் கருத்தில், அவர்தம் நூலுக்கு அதனினும் மேலான முன்னுரை இல்லை.

முற்றதிகாரம் குறுக்கே ஓடுவது என்றோம். அது முதலில் எதிர்ப்பக்கத்தாரை உண்டு, பின்னர்த் தன் பக்கத்தாரையும் உண்பதைக் கொண்டே இதனை அறியலாம். போதகர் மார்ட்டின் நீமொல்லர் வலதுசாரி. முதல் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பற் படைத்தலைவர். 1933-இல் ஹிட்லரை வரவேற்றவர். திருச்சபையையும் கட்சி தன் கைக்கொள்ள முற்பட்டபோது எதிர்த்தார். 1937 முதல் 1945 வரை சிறையிலும் தடைமுகாமிலும் கிடந்தார். புகாரின் லெனினின் தோழர். 1938 மார்ச்சில் ஸ்டாலினின் நீதிமன்றத்தில் ஒற்றனெனத் தீர்ப்பளிக்கப் பெற்றுச் சுடப்பட்டார். 1934-இல் நடந்த பதினேழாம் கட்சி மாநாட்டுக்கு வந்த 1,966 பிரதிநிதிகளில் 1,108 பேர் பின்னர்க் கைதாயினர் எனக் குருஷ்சேவ் 1956-இல் தம் கட்சியாரிடமே அறிவித்தார். தன் பக்கத்திற் பிறந்தது தன்னை ஒன்றும் செய்யாது என்றெண்ணியிருந்தோர் அவருட் பலர் இருந்திருத்தல் வேண்டும்.

மார்கரெட் பூபெர் நோய்மன் அம்மையாரும் அவ்வாறே எண்ணியிருக்கக்கூடும். ஜெர்மன் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த அவர், அக்கட்சித் தலைவருள் ஒருவராகிய ஹைன்ஸ் நோய்மன் என்பாருடன் ஹிட்லருக்குத் தப்பி, மாஸ்கோவிற் புகலடைந்தார். அங்கே 1937-இல் ஹைன்ஸ் கைதாகி, நவம்பரிற் சுடப்பட்டார். மறு ஆண்டு அம்மையாரும் கைதாகிக் கஸாக்ஸ்தானத்திலுள்ள கரகண்டா முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1939 ஆகஸ்டில் ஹிட்லரும் ஸ்டாலினும் உடன்படிக்கை செய்துகொண்டனர். 1940-இன் தொடக்கத்தில், பிரெஸ்ட் லிதோவ்ஸ்க் பாலத்தில், ருஷ்யக் காவலர் அவரைப் பிற ஜெர்மன் கைதிகளோடு நாஜிக் காவலர் கையில் ஒப்படைத்தனர். அடுத்த ஐந்தாண்டு ரவென்ஸ்பிரூக் முகாம். அங்கிருந்த பொதுவுடைமைக் கைதிகளுக்கு அவர் கரகண்டாவைப் பற்றிச் சொன்னார். அவர்கள் நம்பவில்லை, துரோகியென ஒதுக்கிவைத்தனர். 1945 ஏப்ரலில் நாஜிகள் அவரை விடுவித்தபோது, கிழக்கிலிருந்து செஞ்சேனை நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மையார் மேற்கு நோக்கி நடந்தார்.